அமெரிக்கப் பெருமந்தமும் வியாபாரக் குறியும்

ஐக்கிய அமெரிக்காவின் சிற்றூர்க் கடைகளிலே ஒரு காலத்தில் பிஸ்கற்று மூடியில்லாப் பீப்பாக்களிற் கிடந்தது. வேண்டுவோர்க்குக் கடைக்காரன் அள்ளிக் கொடுத்தான். தரத்துக்கு அவனே பிணை. 1898 ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற நஷனல் பிஸ்கற் கம்பனி, தன் பண்டத்தை ஈரம் புகாத பெட்டியிலிட்டுத் தனிப்பெயர் சூட்டி விற்கலாயிற்று. இத்தகைய முயற்சிகளால், அயற் கடைக்காரனிடத்து மக்கள் வைத்திருந்த நம்பிக்கை தொலைவிலுள்ள ஆலையின் பெயர்மீது மெல்ல இடம்பெயர்ந்தது. 1920 ஆம் ஆண்டுகளின் செழிப்பிலே, விளம்பரம் கூறுவதை வாங்குதலே நாகரிகம் என்னும் எண்ணமும் வேரூன்றியது.

1929 ஒக்டோபரில் நியூயோர்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. 1933 அளவில் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்தனர். ஏறத்தாழ 9,000 வங்கிகள் முறிந்தன. பெரும் பெயர் படைத்த வங்கியே சேமிப்பைத் திருப்பித் தராதபோது, பற்பசைக் குழாயின்மேலுள்ள பெயரை நம்புவது எங்ஙனம்? மாப்பைத் துணியிலே பிள்ளைகளுக்குச் சட்டை தைத்த தாய்மாருக்கு ஒவ்வொரு சதமும் கணக்காயிற்று. பழமை என்று ஒதுக்கப்பட்ட சிக்கனம் மீண்டும் மதிப்புப் பெற்றது.

கொடுக்கும் காசுக்கு ஏற்ற பண்டம் கிடைக்கின்றதா என்ற வினாவை ஸ்ருவட் சேஸ், சிலிங்க் என்னும் இருவர் 1927 இல் வெளியிட்ட நூலிலே எழுப்பியிருந்தனர். அதன் பயனாக 1929 இல் நுகர்வோர் ஆராய்ச்சிக் கழகம் தோன்றியது. பண்டங்களைச் சோதித்து, முடிவுகளை உறுப்பினருக்கு மாத்திரம் அறிவித்த அக்கழகத்தில், மந்தம் கடுமையுற்ற காலத்தில் 40,000 பேருக்கு மேற் சேர்ந்திருந்தனர். பணம் மலிந்தபோது சிலரே கேட்ட வினாவை வறுமை பலருடையதாக்கிற்று. 1933 இல் சிலிங்க், கலற் என்பாருடன் இணைந்து மற்றொரு நூல் எழுதினார். அமெரிக்க மக்கள் பத்துக் கோடி சோதனைப் பிராணிகள் என்பது அதன் தலைப்பின் கருத்து.

பிறர் பண்டங்களை அளந்த கழகமும் அளவுகோலுக்குத் தப்பவில்லை. 1935 இல் தொழிற்சங்கம் அமைத்த ஊழியர் சிலர் நீக்கப்பட, வேலைநிறுத்தம் மூண்டது. பிரிந்தவர்கள் 1936 இல் நுகர்வோர் ஒன்றியத்தை நிறுவினர். பண்டத்தின் தரத்தோடு, அதனைச் செய்தோரின் கூலியையும் தொழில்நிலையையும் இவர்கள் ஆராய முற்பட்டனர். தானே வேலையற்றிருந்த நுகர்வோனுக்கு அது பிறர் கவலையாகத் தோன்றியிராது.

வியாபாரிகளும் வாளாவிருந்தாரல்லர். ஒரு சவர்க்காரக் கம்பனி 1933 முதல் ‘மா பேர்க்கின்ஸ்’ என்னும் தொடர் நாடகத்தை வானொலியில் ஒலிபரப்பிற்று. ஆலையின் பெயர் அன்புள்ள ஒரு மூதாட்டியின் குரலைப் பெற்றது! பழைய கடைக்காரனின் இடத்தை நிரப்பக் கம்பனிகள் எத்துணைச் சாதுரியமாக முயன்றன என்பதற்கு இஃது ஒரு சான்று.

1906 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலவீனத்தை 1937 இலையுதிர் காலத்து அவலம் வெளிப்படுத்தியது. சல்பனிலமைட் என்னும் மருந்தைத் திரவமாக விற்க விரும்பிய ரென்னசி மாநிலக் கம்பனியொன்று, அதனை டைஎதிலீன் கிளைக்கோலிற் கரைத்தது. சுவையும் மணமும் நிறமும் சோதிக்கப்பட்டன, நஞ்சுத்தன்மை சோதிக்கப்படவில்லை. அதனை அருந்தி நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்; அவருட் பலர் குழந்தைகள். உணவு மருந்து நிருவாகத்தினர் ஊரூராகச் சென்று எஞ்சிய போத்தல்களைத் தேடிக் கைப்பற்றினர். ஆயினும் சோதியாத மருந்தை விற்றல் அன்று குற்றமன்று. ‘எலிக்சர்’ என்ற பெயர் பெற்ற மருந்தில் மதுசாரம் இருத்தல் வேண்டும். இதில் அஃது இருக்கவில்லை. ஆதலின் பெயர் பொய் என்ற ஒன்றே குற்றச்சாட்டாயிற்று. ‘கரைசல்’ என எழுதியிருப்பின் அதற்கும் இடமிராது. நூறு உயிர்களுக்கு நேர்ந்த கேட்டைச் சட்டம் போத்தற் பெயரின் பிழையாகவே காண முடிந்தது.

1933 முதல் வியாபாரிகளின் எதிர்ப்பால் இழுபட்ட புதிய மசோதா, 1938 ஜூன் 25 இல் றூஸ்வெல்ற்றின் கையொப்பம் பெற்றது. புதிய மருந்துக்கு ஆபத்தின்மையை விற்பனைக்கு முன்னரே காட்டுதல் கடனாயிற்று. அழகுப் பொருள்களும் முதன்முறையாகச் சட்டத்துள் வந்தன. ஆனால் விளம்பரம் மாத்திரம் அதன் ஆட்சிக்கு உட்படவில்லை. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே, பிறிதொரு சட்டத்தினால், அது கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவிடம் விடப்பட்டிருந்தது.