கங்காணியும் கண்காணிப்பும்

கண்ணால் கண்டு மேற்பார்ப்பவர் கண்காணி. சோழர் கல்வெட்டுகளில் இது மதிப்புள்ள பதவிப் பெயர். ‘ஸ்ரீகார்யக் கண்காணி’, ‘மாகேசுவரக் கண்காணி’ என்போர் கோயில் காரியமும் சொத்தும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்தார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் மீதுதான் அவர்கள் கண் இருந்தது.

பேச்சுவழக்கில் சொல் கங்காணி ஆயிற்று. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் அதன் பார்வையும் திசைமாறிற்று. ஊரில் ஆள்சேர்த்து, முன்பணக் கடனில் கட்டி, கடல் கடத்திக் கொண்டுவந்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் வேலைக்கு நிறுத்தியவர் கங்காணி. தோட்டத் துரைக்காகத் தொழிலாளியைப் பார்த்தவர். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்று ஆசைகாட்டி அழைத்துவந்த கதை தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் இன்றும் சொல்லப்படுகிறது. கடனோடு ஆளையும் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பெயரின் கசப்பு அதனோடு போய்விடவில்லை.

அந்தச் சொல்தான் சுகாதாரத் துறையில் ‘நோய்க் கண்காணிப்பு’. டெங்குக் காய்ச்சலை எண்ணும்வரை அதில் யாருக்கும் குறையில்லை. கொரோனா காலத்தில் வதந்தியையும் கண்காணிக்கும் வேலை சேர்ந்தது. யாருடைய பேச்சை என்பதுதான் கேள்வி.

2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த பாணி ஒன்று கொரோனாவைத் தடுக்கும் என்றார் அதைத் தயாரித்த தம்மிக்க பண்டார. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியே அதைக் குடித்துக் காட்டினார். 2021 ஜனவரியில் அந்த அமைச்சருக்கே தொற்று உறுதியாயிற்று. இந்தப் பொய்க்குப் பலம் கொடுத்தது லயத்துப் பேச்சு அல்ல, அமைச்சரின் கை. பழைய கோயில் கண்காணி பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

லயத்தில் எழும் அச்சத்துக்கோ வேறொரு வரலாறு உண்டு. 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்தது. தோட்டப் பெண்களிடையே அது மிகப் பரவலாக நடந்தது. சரியான விளக்கம் தராமலே செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. தடுப்பூசி போட்டால் பிள்ளை தங்காதோ என்று அங்கே ஒரு தாய் கேட்டால், அதை வதந்திப் பட்டியலில் எழுதிக்கொண்டு போவது பெரும் அநியாயம். அவளுக்கு வேண்டியது பதில்.

வதந்தியைக் கண்காணிக்கும் பணியை உலக சுகாதார நிறுவனம் இப்போது சமூகத்தின் பேச்சுக்குச் செவிகொடுத்தல் என்கிறது. கண்ணைவிடக் காது மலையகத்துக்குப் பொருந்தும். ஆனால் அந்தக் காதுக்குத் தமிழ் புரிய வேண்டும். தோட்டங்களில் தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர் போதாமை நெடுநாள் குறை. தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையமான பிள்ளைக்காம்பராவின் வாசலில் எழும் கேள்விக்கு அங்கேயே, தமிழிலேயே விடை சொல்லும் ஆட்களை முதலில் நியமியுங்கள்.