கக்கு: ஒரு வினைச்சொல்லின் வரலாறு

ஆஸ்பத்திரி வரிசையில நிண்டு கேட்டுப் பாருங்கோ. "பிள்ளைக்கு இரவு தொடக்கம் சத்தி" எண்டுதான் தாய்மார் சொல்லுவினம். அதையே எழுதும்போது 'வாந்தி' என்கிறோம். இரண்டுமே வடமொழி வழியாக வந்த சொற்கள். 'சர்தி' எங்கட வாயில சத்தியாகிவிட்டது. 'வாந்தி' பெரிதாக மாறவில்லை. அப்படியெண்டா சாப்பிட்டது மேல வாறதுக்குத் தமிழில் சொல்லே இருக்கவில்லையா?

இருந்தது, ஒன்றல்ல. கால், கக்கு, உமிழ் என்று வரிசையாகவே இருந்தன. ஆனால் அவைக்குப் பொருந்தாத சொல்லை மறைத்துச் சொல்லவேண்டும் என்பது தொல்காப்பியக் காலத்திலேயே விதி. நன்னூல் இதற்கு இடக்கரடக்கல் என்று பெயர் வைத்தது. கடன் வாங்கிய சொல்லும் ஒரு வகைத் திரைதான். உடம்பின் அசிங்கத்தைச் சத்தியும் வாந்தியும் பொறுப்பெடுத்துக்கொள்ள, பழைய வினைச்சொற்கள் வேறு வேலைக்குப் போய்விட்டன.

'கால்' போன இடம் வேடிக்கையானது. பேச்சில் அது செத்துவிட்டது. "பிள்ளை சோற்றைக் கான்றது" எண்டு இண்டைக்குச் சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. ஆனால் சுயமொழிக் கல்விக்காக இலங்கையில் கலைச்சொற்கள் ஆக்கப்பட்டபோது இந்தச் சொல் மீண்டும் எழுந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த நண்பர்களைக் கேளுங்கள். 'காலல் நிறமாலை' என்பார்கள். திரான்சிஸ்ரரின் மூன்று முனைகளில் ஒன்றின் பெயர் 'காலி'. அது வெறுமையைக் குறிக்கும் காலியும் இல்லை, தெற்கே உள்ள காலி நகரமும் இல்லை. கால்வது, அதாவது வெளியே கக்குவது. சூடான வாயு ஒளியைச் சத்தியெடுக்கிறது எண்டு படிக்கிறம் எண்டது வகுப்பில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

ஏன் தோன்றுவதில்லை? இதற்கு 7 ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் வாழ்ந்ததாகக் கருதப்படும் தண்டி, தன் காவ்யாதர்சத்தில் ஒரு பதில் வைத்திருக்கிறார். துப்புதல், ஏப்பமிடுதல், வாந்தியெடுத்தல் போன்ற சொற்கள் நேர்ப்பொருளில் வந்தால் கொச்சையாகும். வேறொன்றின் மேல் ஏற்றிச் சொன்னால் மிக அழகாகும் என்கிறார். இந்த நூலைத் தழுவித்தான் தமிழில் தண்டியலங்காரமும் சிங்களத்தில் சியபஸ்லகரவும் எழுந்தன. சொல் அதேதான், உடம்பை எடுத்துவிட்டால் மரியாதை வந்துவிடுகிறது. எரிமலை நெருப்பைக் கக்கலாம், பாம்பு நஞ்சைக் கக்கலாம், சூரியன் ஒளியை உமிழலாம். நாத்தம் இல்லை.

இந்த அழகில் ஒரு ஆபத்தும் இருக்கிறது எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். 'கக்கு' இன்னொரு இடத்திலும் வேலை செய்கிறது: "உண்மையைக் கக்கினான்." களவு, கொலை, அரசியல் வழக்கு, எதுவானாலும் விசாரணை பற்றிய பேச்சில் இந்த வசனம் வரும். "ரெண்டு போட்டால் கக்குவான்" எண்டு ரீக்கடையில சாதாரணமாச் சொல்லுவினம். உண்மை என்பது வயிற்றுக்குள் கிடக்கும் ஒரு பொருள், அமுக்கினால் வெளியில வரும், வந்தது கட்டாயம் உண்மையாகத்தான் இருக்கும். இவ்வளவையும் அந்த ஒற்றை வினைச்சொல் எங்களை நம்ப வைத்துவிடுகிறது.

சட்டம் முதலில் அப்படி நம்பவில்லை. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்றது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லும் என்றது அதன் 16 ஆம் பிரிவு. அச்சுறுத்தி வாங்கியது எண்டால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில்தான். மூடிய அறைக்குள் நடந்ததை அவர் எந்தச் சாட்சியை வைத்து நிரூபிப்பார்?

ரீக்கடையில் ஒரு பழக்கப்பேச்சாக இருந்தது, சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவாக வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டுமே வந்ததை மட்டும் பார்க்கின்றன, வந்த விதத்தைப் பார்ப்பதில்லை. தண்டி சொன்னதன் மறுபக்கம் இதுதான். உவமை உடம்பின் நாத்தத்தை மறைக்கும்போது, அந்த உடம்புக்கு நடந்ததையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

சத்தியெடுக்கிற ஆளைக் கண்டால் நாங்கள் என்ன செய்கிறோம்? நெற்றியைப் பிடித்துவிடுகிறோம், முதுகைத் தடவுகிறோம், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்கிறோம், என்ன சாப்பிட்டனி எண்டு கேட்கிறோம். உண்மையைக் 'கக்கியவரிடம்' இதில் ஒன்றையும் கேட்பதில்லை. அந்தச் செய்தியை இனி வாசிக்கும்போது, கக்கினது என்ன எண்டதோட நிக்காமல், எங்க வைச்சு, எத்தனை நாளுக்குப் பிறகு, ஆர் வயித்தை அமுக்கினது எண்டும் கேட்கப் பழகுவோம்.