யாழின் பகை ஓசைகள்

யாழ் என்றாலே அதன் இனிமையைத்தான் பேசுகிறோம். அந்த இனிமையைக் கெடுக்கும் ஓசைகளையும் பழந்தமிழர் அதே கவனத்தோடு கேட்டு, பெயரிட்டு, காரணம் தேடினார்கள். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் மாதவி கோவலனிடம் கொடுக்கும் யாழ், பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்ற நான்கு உறுப்பிலும் குற்றமற்றது என்று இளங்கோ தனியாகக் குறிப்பிடுகிறார். செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு என நான்கு பகைகளையும் அந்தக் காப்பியமே சொல்கிறது. செம்பகை பண்ணோடு ஒட்டாத ஓசை, ஆர்ப்பு அளவு மீறி ஒலிப்பது, கூடம் மழுங்கிப்போவது, அதிர்வு சிதறி ஒலிப்பது. இவற்றின் வேரை உரை மரபு மரத்தில் தேடுகிறது: நீரில் நின்ற மரம், அழுகியது, வெந்தது, கெட்ட நிலத்தில் வளர்ந்தது, இடி விழுந்தது. நரம்புக்கும் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்று குற்றங்கள் தனியே உண்டு.

இடி விழுந்த மரத்தை விலக்குவது வெறும் அச்சம்தானே என்று கேட்கலாம். மின்னல் பாயும்போது மரத்துக்குள் இருக்கும் ஈரம் நொடியில் ஆவியாகி நாரைப் பிளக்கிறது. வெளியே நன்றாகத் தெரியும் துண்டிலும் உள்ளே மயிரிழை வெடிப்பு இருக்கலாம். நரம்பு அதிரும்போது வெடிப்பின் இரு விளிம்புகளும் உரசும். இரைச்சல் பிறக்க அது போதும். நரம்பில் மயிர் கலந்தாலும் கதை இதுவே. ஓரிடத்தில் பருமன் மாறினால் துணைச்சுரங்கள் அடிப்படைச் சுரத்தோடு இசையாமல் விலகுகின்றன, எவ்வளவு முடுக்கினாலும் சுருதி நிற்காது. அப்படிப்பட்ட நரம்பை இன்றைய ஹார்ப் கலைஞரும் கழற்றி எறியத்தான் வேண்டும்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. உரையாசிரியர்கள் சிலம்புக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர்கள். யாழ் வழக்கொழிந்துவந்த காலத்தில் ஏட்டறிவைக் கொண்டு பட்டியல் போட்டிருக்கலாம் அல்லவா? பட்டியலின் வடிவம் அவர்களுடையதாக இருக்கலாம். அதற்குள் இருக்கும் அறிவு மிகப் பழையது. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படை யாழை வருணிக்கும்போது, துளையின் வாய் தூர்ந்துபோகும்படி இறுக்கிய ஆணிகளை நண்டின் கண்ணுக்கு ஒப்பிடுகிறது. நரம்பைக் குற்றம் போக்கியது என்கிறது. ஆணி தளர்ந்தால் கருவி அதிரும் என்று தெரிந்த கண்தான் துளை அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கும். அழகை மட்டும் பாட வந்தவருக்கு அந்த விவரம் தேவைப்பட்டிருக்காது.

சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப் போட்டிக்கு வந்த சீவகன், கொடுத்த யாழ்களை மரக்குற்றம் சொல்லி ஒவ்வொன்றாக ஒதுக்குகிறான். நரம்பின் புரியைப் பிரித்து உள்ளிருந்த மயிரைக் காட்டுகிறான். நாயகனின் பெருமைக்காக நூலாசிரியர் திருத்தக்கதேவர் மிகைப்படுத்தினார் என்றே வைத்துக்கொள்வோம். அவையோர் வியக்க வேண்டுமானால், நரம்பில் கிடக்கும் ஒரு மயிர் ஓசையைக் கெடுக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.