ரசிகர் புனைகதைகளில் காதல் உறவும் விளிமுறையும்: டோல்கீனின் புதினத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

ஒரு படைப்பின் மாந்தரையும் களத்தையும் எடுத்துக்கொண்டு, அதன் வாசகர்களே ஊதியம் கருதாது எழுதும் கதைகள் ‘ரசிகர் புனைகதைகள்’ எனப்படும். ஆங்கில மொழியியல் அறிஞரான ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1954-55இல் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்னும் புதினம் இத்தகைய கதைகளுக்குப் பெரிதும் இடமளித்த நூல்களுள் ஒன்று. மூலநூலின் பொருள் போரும் பயணமும். ஆனால் அதனையொட்டி எழுந்த கதைகளில் மிகுதியும் பேசப்படுவது காதல். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, உறவைக் காட்டும் மொழிக்கூறுகள் யாவை, அவை மொழிபெயர்ப்பாளருக்கு எழுப்பும் சிக்கல்கள் யாவை என்பன இங்கு ஆராயப்பெறுகின்றன.

2. மூலநூலின் இடைவெளிகள்

புதினத்தின் முதன்மைக் காதலர்கள் அரகோர்னும் ஆர்வெனும் ஆவர். ஆயினும் அவர்களது காதல் வரலாறு கதையின் உடற்பகுதியில் இல்லை, பின்னிணைப்பிலேயே தரப்பட்டுள்ளது. டோல்கீனின் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் 1989இல் பதிப்பித்து வெளியிட்ட வரைவுகளிலிருந்து, அரகோர்ன் ஏயோவினை மணப்பதாகவே ஆசிரியர் முதலில் எண்ணியிருந்தார் என்பது தெரியவருகிறது. ஆகவே அரகோர்ன்-ஏயோவின் இணையை எழுதும் ரசிகர்கள் ஆசிரியர் கைவிட்ட ஒரு திட்டத்தையே மீண்டும் எடுத்துக்கொள்கின்றனர் எனலாம்.

ஆடவர் இருவரிடையே அமையும் உறவுகளிலும் இத்தகைய இடைவெளிகள் உள்ளன. லெகோலாஸ் ஒரு கப்பல் கட்டிக் கடல் கடந்தான் என்றும், அவனுடன் கிம்லியும் சென்றதாகச் சொல்லப்படுகிறது என்றும் பின்னிணைப்புக் கூறுகிறது. அப்பயணத்தின் காரணத்தை நட்பு என்று கொள்வாரும் உண்டு. காதல் என்று கொண்டு கதை புனைவாரும் உண்டு.

3. வளர்ச்சி வரலாறு

1960இல் அமெரிக்காவில் டோல்கீன் வாசகர்களுக்கெனச் சிற்றிதழ் தோன்றியது. 1965இல் மலிவுப் பதிப்புகள் வெளிவந்தபின் வாசகர் தொகை பெருகியது. தாம் படைத்த தொன்மவுலகில் ஓவியம், இசை, நாடகம் ஆகியவற்றால் பிறரும் பங்குகொள்ள இடமிருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் விரும்பியதாக டோல்கீன் 1951 அளவில் ஒரு கடிதத்தில் எழுதினார். ஆனால் 1966இல், தம் கதைக்குத் தொடர்ச்சி எழுத முன்வந்த வாசகர் ஒருவரைப் பற்றிப் பதிப்பகத்தாரிடம் கடும் வெறுப்பையே தெரிவித்தார். ஆசிரியர் உரிமைக்கும் வாசகர் விருப்பத்திற்கும் இடையிலான இம்முரண் பின்னரும் நீடித்தது.

1970களில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள், கர்க், ஸ்போக் என்னும் இரு ஆண் மாந்தரைக் காதலராக்கி எழுதத் தொடங்கினர். இவ்வகை பின்னர் டோல்கீன் கதைகளுக்கும் பரவியது. 1998இல் ரசிகர் கதைகளுக்கெனப் பெரும் இணையத் தொகுப்பு ஒன்று தொடங்கப்பெற்றதும், 2001 முதல் 2003 வரை பீட்டர் ஜாக்சனின் மூன்று திரைப்படங்கள் வெளிவந்ததும் இவ்வளர்ச்சியை விரைவுபடுத்தின. 2009இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் தொகுப்பு 2019இல் ஹியூகோ விருது பெற்றது.

4. குறியும் சொல்லும்

கர்க், ஸ்போக் பெயர்களிடையே இடப்பட்ட சாய்கோடே அவ்வகைக் கதைக்குப் பெயராகி, ‘ஸ்லாஷ்’ என வழங்கலாயிற்று. ஒரு நிறுத்தக்குறி இலக்கிய வகையின் பெயராக மாறியது சொற்பொருள் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. மேற்குறித்த தொகுப்பில் சாய்கோடு காதலையும், ‘உம்’ பொருள்தரும் ‘&’ என்னும் குறி நட்பு முதலிய பிற உறவுகளையும் குறிக்கும். ‘ரிலேஷன்ஷிப்’ என்னும் சொல்லின் இறுதிப் பகுதி தனியே பிரிந்து ‘ஷிப்’ என நின்று, பெயராகவும் வினையாகவும் வழங்குகிறது. விகுதி தனிச்சொல்லாகும் அரிய நிகழ்வுக்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

5. விளிமுறையில் உறவு

சாம் தன் தலைவனை ‘மிஸ்டர் ஃப்ரோடோ’ என்றே விளிக்கிறான். ஃப்ரோடோ அவனைப் பெயரிட்டே அழைக்கிறான். இவ்விருவரையும் காதலராக்கும் கதைகள் பலவற்றில், ‘மிஸ்டர்’ என்னும் அடை நீங்கும் இடமே திருப்பமாக அமைகிறது. இது மூலநூலுக்குப் புறம்பான உத்தி அன்று. ஆங்கிலத்தில் பொதுவழக்காகிய ‘யூ’ என்பதிலிருந்து பழைய ஒருமையாகிய ‘தௌ’ என்பதற்கு மாறுவது, சிலவிடங்களில் மரியாதை வழக்கிலிருந்து நெருக்க வழக்கிற்கு மாறுவதைக் காட்டும் என்று டோல்கீனே பின்னிணைப்பில் விளக்கியுள்ளார். அரகோர்ன் விடைபெறும் காட்சியில் ஏயோவின் ‘தௌ’ என்னும் வடிவிற்கு மாறுகிறாள். அரகோர்னோ பொதுவடிவிலேயே மறுமொழி தருகிறான். வெளிப்படக் கூறப்படாத காதலும் அதன் மறுப்பும் இம்மூவிடப்பெயர் வேறுபாட்டிலேயே அடங்கியுள்ளன. ஆனால் இன்றைய ஆங்கில வாசகருக்குத் ‘தௌ’ என்பது நெருக்கமாக அன்றி, பழமையும் பெருமிதமும் உடைய வடிவமாகவே தோன்றுகிறது.

6. மொழிபெயர்ப்பாளர் முன் உள்ள தெரிவுகள்

ஆங்கிலம் இழந்துவிட்ட இவ்வேறுபாடு தமிழில் உயிருடன் உள்ளது. ஆகவே ஏயோவின் ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு மாறுவதாகவும், அரகோர்ன் ‘நீங்கள்’ என்றே பேசுவதாகவும் பெயர்க்க இயலும். எனினும் சங்கப் புலவர் அரசரை ‘நீ’ என்றே விளித்த மரபு உண்டு. மொழிபெயர்ப்பு முழுவதும் செவ்வியல் நடையில் அமைந்து எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என விளிப்பின் ஏயோவினின் மாற்றம் மறைந்துவிடும். இக்கால வழக்கைக் கொள்ளின், மரியாதைக் குறைவு எனத் தவறாகப் பொருள்படவும் கூடும். முன்னுரையாடல்களில் ‘நீங்கள்’ என்பதை வழுவாது பேணினாலன்றி இம்மாற்றம் பயன் தராது.

ஆண்-ஆண் காதற்கதைகளில், ஆங்கிலப் படர்க்கைப் பெயர் ஒன்றே இருவரையும் சுட்டுவதால் மயக்கம் நேர்கிறது. அதனைத் தவிர்க்க, இனம், முடியின் நிறம் முதலியவற்றைக் கொண்டு மாந்தரைச் சுட்டும் தொடர்களை எழுத்தாளர்கள் கையாளுகின்றனர். தமிழில் ‘தான்’ என்னும் தற்சுட்டு இம்மயக்கத்தை ஓரளவு நீக்கும். ‘அவன் தன்னைத் தேடி வருவான் என்று கிம்லி நம்பினான்’ என்னும் தொடரில் ‘தன்னை’ என்பது கிம்லியையும் ‘அவன்’ என்பது மற்றவனையும் சுட்டுதல் இயல்பாகவே விளங்கும்.

மிகக் கடினமான தெரிவு ‘லவ்’ என்னும் சொல் பற்றியது. சாம் தன் தலைவனை எண்ணும் ஓரிடத்தில் இவ்வினையே வருகிறது. ஆங்கிலச் சொல் பற்று, நட்பு, காதல் அனைத்தையும் தழுவும். ரசிகர் புனைவு இப்பொருள் விரிவிலேயே வேரூன்றியது. பழந்தமிழில் ‘காதல்’ என்பதும் இத்தகைய விரிவுடையதே. ‘காதலன்’ என்னும் சொல் மகனையும் குறித்தது. இன்றோ அதன் பொருள் சுருங்கிவிட்டது. ‘அன்பு’ எனப் பெயர்த்தால் பிற்கால வாசகர் கண்ட பொருளுக்கு இடமில்லாது போகும்; ‘காதல்’ எனப் பெயர்த்தால் ஆசிரியர் உறுதிசெய்யாததை மொழிபெயர்ப்பாளர் உறுதிசெய்தவராவார். ‘உயிராக எண்ணினான்’ என்பது போன்ற தொடர் இரு பொருளுக்கும் இடமளிக்கும்.

7. முடிவுரை

ரசிகர் புனைகதைகளை இலக்கியத் தரம் நோக்கி மட்டும் ஒதுக்குதல் பொருந்தாது. மூலநூலின் விளிகள், மூவிடப்பெயர்கள், பொருள் விரிவுடைய சொற்கள் ஆகியவற்றை வாசகர்கள் எவ்வாறு உள்வாங்கினர் என்பதற்கு அவை எழுத்துச் சான்றுகளாகும். எவ்விடங்களில் மூலம் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்களுக்கு இடமளிக்கிறது என்பதை அவை காட்டுகின்றன. அவ்விடங்களை முன்னரே அறிந்த மொழிபெயர்ப்பாளர், அவற்றைத் தம்மை அறியாமல் ஒரு பொருளுக்கே உரியனவாக ஆக்கிவிடாது காக்க இயலும்.