பாரம் சுமந்த மிதிவண்டி

பரமத்தி வேலூரில் காவிரிக்கரைத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிவந்த பழைய மிதிவண்டிகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கேரியரின் இருபுறமும் தார்கள் தொங்கும். வண்டிக்காரர் ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வருவார். ஏன் தள்ள வேண்டும்?

இவ்வண்டியின் முன்னோடி, 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ‘ரோவர்’. 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயர் வந்தது. 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியபின் ஹெர்குலிஸ் வண்டி நம் ஊர்களில் பெருகியது.

தலையில் 50 கிலோ சுமந்து சமதரையில் நடப்பவர் புவியீர்ப்பை எதிர்த்து வேலையே செய்வதில்லை என்று நம் பாடநூல் சொல்லும். அவருடைய கழுத்தைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்! அதே பாரத்தைச் சக்கரங்கள் தாங்கினால், நல்ல சாலையில் அதை நகர்த்த ஏறத்தாழ அரைக்கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 28 அங்குலச் சக்கரமாதலால் சிறு குழிகளில் அவ்வளவாக விழாது.

ஆனால் மேடு வந்தால் கணக்கு மாறிவிடும். 20 அடிக்கு ஓரடி ஏறும் பாதையில் அந்த 50 கிலோவுக்கே கூடுதலாக இரண்டரைக் கிலோ விசை வேண்டும். ஏறி மிதித்தால் தம் உடல் எடையையும் சேர்த்தல்லவா வண்டிக்காரர் மேலேற்ற வேண்டும்? நடந்தாலும் உடல் மேலேறத்தான் வேண்டும். ஆனால் மெதுவாக, கால் ஊன்றி, வண்டி சாயாமல் ஏறலாம்.

1954-இல் வியட்நாமின் தியன் பியன் பூ போர்முனைக்கு, கைப்பிடியில் மூங்கில் கட்டி நீட்டிய மிதிவண்டிகளில் 200 கிலோ வரை அரிசியைத் தள்ளியே கொண்டு சேர்த்தார்கள்.