லயத்து வேலியில் சங்குப்பூ

கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் ரப்பர் மரத்தையே முதலில் நினைப்பர். அம்மரம் துரைமாருக்குரியது, அதன் பால் கப்பலேறி அயல்நாடு சென்றது. தொழிலாளி தனக்கென்று வளர்த்துக்கொண்டவை லயத்தை ஒட்டிய சிறு நிலத்துக் கொடிகளே. அவற்றுள் அவரையும் புடலையும் அடுப்பங்கரைக்குச் சென்றன. முல்லையும் சங்குப்பூவும் மாரியம்மன் சந்நிதிக்குச் சென்றன. கங்காணி, கிராணி, துரை ஆகியோரைப் பற்றி ஏடுகள் பல உள்ளன. பூக்கொடியைப் பற்றி எழுதினோர் அரியர்.

கொடிக்கும் கோயிலுக்கும் உள்ள உறவு தமிழகத்தில் மிகத் தொன்மையானது. தஞ்சை மாவட்டத்துத் திருக்கருகாவூரில் இறைவன் திருநாமம் முல்லைவனநாதர். முல்லைக் கொடியே அங்குத் தல விருட்சம். சென்னைக்கு அருகிலுள்ள வடதிருமுல்லைவாயிலில், தொண்டைமான் ஏறி வந்த யானையின் கால்களை முல்லைக் கொடி பின்னிக்கொண்டதென்றும், அதனை அவன் வாளால் வெட்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டதென்றும் தல வரலாறு கூறும்.

சங்குப்பூவின் பெருமையும் இதற்குக் குறைந்ததன்று. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 மலர்கள் எண்ணப்படுகின்றன. அவற்றுள் கருவிளை என்பது நீலச் சங்குப்பூ. செருவிளை என்பது வெண்மையானது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அவற்றைக் காக்கணம் என்னும் வழக்குப் பெயரால் விளக்குகிறார். பட்டினப்பாலையில் வரும் காழகம் என்னும் சொல்லுக்குக் கடாரம் என்று பொருள் உரைத்தவரும் அவரே. 1025-ஆம் ஆண்டு இராசேந்திர சோழன் படை கொண்டு வென்ற அக்கடாரமே இன்றைய கெடா. பூவின் பெயரையும் ஊரின் பெயரையும் ஓர் உரையாசிரியரிடமே அறிய முடிவது மகிழ்ச்சிக்குரியது.

வடமொழியில் இம்மலருக்கு அபராஜிதா என்று பெயர். வெல்லப்படாதவள் என்பது பொருள். துர்க்கையின் திருநாமங்களுள் அதுவும் ஒன்று. வெண்சங்கு சிவபெருமானுக்கும், நீலச்சங்கு திருமாலுக்கும் சனீஸ்வரருக்கும் சாத்தப்படுவது வழக்கம்.

1909-ஆம் ஆண்டு பாங்காக் உடன்படிக்கையின்படி கெடா சயாமின் மேலாட்சியிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்பின்கீழ் வந்தது. அதனை ஒட்டிய ஆண்டுகளில் கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரக் காடுகள் அழிந்து ரப்பர் தோட்டங்களாயின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்குக்கு வந்து, ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்த பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். முல்லை பதியனிலும் போத்திலும் வளர்வது. அத்தகைய பயணத்தில் அதனை வாடாமல் காப்பது எளிதன்று. சங்குப்பூவின் விதையோ சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ளும் அளவினது. அன்றியும் அக்கொடி இந்நாட்டிற்குப் புதியதன்று. மலாய் மக்கள் அதனைப் புங்கா தெலாங் என்பர். கிளந்தானில் நாசி கெராபு சோற்றுக்கும், பாபா நியோன்யா குடும்பங்களில் புலுட் தை தை பலகாரத்திற்கும் நீலநிறம் ஊட்டுவது அம்மலரே. 1753-ஆம் ஆண்டு லின்னேயஸ் அதற்கு இட்ட தாவரப் பெயரிலும் கிழக்கிந்தியத் தீவான தெர்னாத்தேயின் பெயரே விளங்குகிறது. ஊரில் சிவன் கோயிலுக்குப் பறித்த பூவைக் கடல் கடந்து வந்தும் கம்பத்து வேலியில் காணக் கிடைத்தது புலம்பெயர்ந்தோர்க்கு ஓர் ஆறுதலே.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், கூட்டு மலாய் மாநிலங்களில், குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்கு ஏக்கரில் 16-இல் ஒரு பங்கு நிலம் ஒதுக்க விதித்தது. அது ஏறத்தாழ 2,700 சதுர அடி. கெடா அக்கூட்டில் சேராத மாநிலம். ஆயினும் லயத்தின் புறத்தே காய்கறி பயிரிடும் வழக்கம் இங்கும் வேரூன்றியிருந்தது. விடியுமுன் பெரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, பால் சேகரிப்பு. இவற்றுக்குப் பின் எஞ்சிய பொழுதில்தான் கொடிக்குத் தண்ணீரும் பந்தலும். சங்குப்பூ காலையில் விரிந்து அன்றே வாடுவது; அதிகாலையில் பறித்தால் பூசைக்குப் பொருந்தும்.

1941-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். ரப்பர் விலைபோகவில்லை, அரிசி அரிதாயிற்று. வெறும் நிலம் கண்ட இடமெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஊன்றப்பட்டன. 415 கிலோமீட்டர் நீள சயாம் - பர்மா ரயில் பாதைக்குக் கெடாத் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர்; பலர் மீளவில்லை. 1943-இல் கெடாவே சயாமிடம் ஒப்படைக்கப்பட்டது. பூ வளர்க்க வேண்டிய கைகள் இல்லாத காலம் அது.

விடுதலைக்குப் பின் வேறொரு துன்பம் வந்தது. ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கினர். அதனைத் தடுக்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். மாதம் 10 வெள்ளியாகத் தொழிலாளர் செலுத்திய பங்குப் பணத்தில் அது முதன்முதலாக வாங்கியது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டமாகும். எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறின, லயங்கள் தரைமட்டமாயின. குடும்பங்கள் தாமான்களுக்குப் பெயர்ந்தன. கோயிலை வேறிடத்தில் எழுப்ப நன்கொடை திரட்டினர். அதன் செய்தி குடமுழுக்கு மலர்களில் பதிவாயிற்று. இழந்த பூந்தோட்டத்திற்கு எவரும் இழப்பீடு கேட்கவில்லை. சிமெண்டுத் தரையிட்ட வீட்டு முற்றத்தில் மண் இல்லை. சுவாமிக்கு மாலை கடையில் வாங்கப்படுகிறது. பறித்த பூவுக்கும் வாங்கிய பூவுக்கும் இறைவன் வேறுபாடு காண்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் பூப்பறிக்கக் கூடையோடு போன குழந்தை பூவின் பெயரைக் கற்றது. கடைக்கு உடன்போகும் குழந்தை அதன் விலையைக் கற்கிறது.

இக்காலத்தில் நீலச் சங்குப்பூவை உலர்த்திப் பொட்டலமாக விற்கின்றனர். எலுமிச்சைச் சாறு பட்டால் அதன் நீர் ஊதா நிறமாவதை நகரத்து உணவகங்கள் வியந்து காட்டுகின்றன. வேலியோரம் தானாக ஏறிய கொடிக்கு வந்த மதிப்பு இது!

தாமான் வீட்டிலும் இக்கொடி வளரும். ஒரு பெரிய தொட்டியும், நாள்தோறும் நல்ல வெயிலும், இரும்புக் கதவோ கம்பி வலையோ போதும். விதையின் தோல் கடினமானது. இரவு முழுதும் நீரில் ஊறவைத்து ஊன்றினால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும், இரண்டு மாத அளவில் பூக்கும். பயற்றினத்தைச் சார்ந்ததாதலின் காற்றிலுள்ள தழைச்சத்தை வேரிலுள்ள நுண்ணுயிர்களின் துணையால் தானே சேர்த்துக்கொள்ளும். உரம் மிகுதியாக வேண்டா. வட கெடாவில் தைமாதத்தை ஒட்டி வரும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். வேரில் நீர் தேங்குவதை மட்டும் அது பொறுப்பதில்லை. நாள்தோறும் பூவைப் பறித்தால் மேன்மேலும் பூக்கும். பறிக்காது விட்டால் தட்டையான காய்கள் விடும். அவை கொடியிலேயே பழுப்பேறிக் காய்ந்த பின், வெடிக்குமுன் பறித்து, விதைகளை நிழலில் உலர்த்தி மூடிய புட்டியில் வைத்தால், அடுத்த வீட்டாருக்கும் கொடுக்கலாம்.