தழும்பின் வயது

மதுரை செல்லூரில் தறி ஓட்டிய ஒருவரின் எக்ஸ்ரேயில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால், பழி உடனே பஞ்சுத் தூசியின் மேல் விழும். பாதிப் பழிதான் பொருந்தும். பஞ்சுத் தூசி நெஞ்சை இறுக்கும், இளைப்பு வரவைக்கும். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் இன்னும் அதிகம். ஆனால் படத்தில் தங்கும் தழும்பை அது பொதுவாக விட்டுச்செல்வதில்லை. கல் உடைக்கும் தூசி வேறு ரகம். அதிலுள்ள சிலிக்கா நுரையீரலையே தழும்பாக்கிவிடும். மேல்பகுதியில் மட்டும் தழும்பு என்றால், நம்மூரில் முதல் சந்தேகம் டிபி மீதுதான்.

அந்தத் தழும்பு பிறப்பது அடுத்தவர் இருமலில். காற்றோட்டமில்லாத அறையில் மிதக்கும் நுண்துளியோடு கிருமி உள்ளே இறங்குகிறது. ஒன்று இரண்டாக அதற்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அவசரமே படாத கிருமி. உடம்பின் காவல் செல்கள் அதைச் சுற்றி வளைத்துக் கட்டுகின்றன. பெரும்பாலானவர்களுக்குக் கதை அங்கேயே நின்றுவிடும். சிலருக்குக் கட்டு உடைகிறது; உள்ளிருக்கும் சதை பனீர் மாதிரி உதிர்ந்து குழி விழுகிறது. ஆறும்போது அந்த இடத்தில் நார்த்திசு வளர்ந்து சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் சும்மா இருக்காது: பக்கத்திலுள்ள ரத்தக்குழாய்களை மேலே தூக்கும், சில சமயம் மூச்சுக்குழலையே தன் பக்கம் இழுத்துவிடும். எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு, நார் வெள்ளைக் கோடு, சுண்ணாம்பு படிந்த இடம் பளிச்சென்ற புள்ளி.

மருந்து கிருமியைக் கொல்லும், தழும்பை அழிக்காது. டிபி என்றால் சானடோரியம் என்றிருந்த காலத்தில், 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது: வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். மதுரைப் பக்கத்துத் தோப்பூர் மாதிரி டிபி ஆஸ்பத்திரிகளில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டிய கட்டாயம் மெல்லக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று சாதாரண டிபிக்கு ஆறு மாத மாத்திரை. எந்த மருந்தில் குணமானாலும் படத்தில் கோடு அப்படியேதான் நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், ஒற்றைப் படம் தழும்பின் வயதைச் சொல்லாது. 'ஃபைப்ரோசிஸ்', அதாவது நார்த்தழும்பு, என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பதறுகிறவர்கள் உண்டு. ஆறிப்போன காயமா, உள்ளே புகைகிறதா என்பதை அந்த ஒரு சொல்லை வைத்து முடிவுகட்ட முடியாது. அதனால்தான் டாக்டர் சளிப் பரிசோதனைக்கு எழுதிவிட்டு, "பழைய படம் இருக்கா?" என்று கேட்கிறார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஃபிலிமில் அதே கோடு அதே அளவில் இருந்து, சளியிலும் கிருமி இல்லை, காய்ச்சலும் எடைக் குறைவும் இல்லை என்றால் பெரும்பாலும் அது பழைய கணக்கு. புதிதாய் ஒரு நிழலோ குழியோ சேர்ந்திருந்தால்தான் சி.டி. வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக எடுக்கும் மெடிக்கல் பரிசோதனையில் மட்டும் இந்த நியாயம் செல்லாது. கிருமி செத்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், டிபித் தழும்பு படத்தில் தெரிந்தால் பெரும்பாலும் 'அன்ஃபிட்'தான்.